மருந்தின் உரைகல்

பொன்னின் மாற்றை அறிய விரும்பும் பொற்கொல்லர் அதனை உரைகல்லில் உரைத்துப் பார்க்கின்றனர். கண்ணுக்கு மஞ்சளாகத் தோன்றுவன யாவும் பொன்னாகா என்பதை அவர் அறிவர். போலிப் பொன்னை வாங்கியவன் பொருளை மட்டுமே இழப்பான். தீய மருந்தை உண்டவனோ உயிரையே இழக்க நேரும். ஆதலின், பொன்னினும் மருந்துக்கே உரைகல் இன்றியமையாதது. வேதியியற் பகுப்பாய்வே அவ்வுரைகல் ஆகும்.

மருந்தாக்கக் கல்வி பயிலும் மாணவர், ஒரு பொருளைக் கையில் எடுத்தவுடன் மூன்று வினாக்களை எழுப்பக் கற்கின்றனர். ‘இஃது என்ன பொருள்?’ என்பது முதல் வினா. இதற்கு விடை தருவது பண்பறி பகுப்பாய்வு. ‘இஃது எவ்வளவு உள்ளது?’ என்பது இரண்டாம் வினா. இதற்கு விடை தருவது அளவறி பகுப்பாய்வு. ‘இருத்தலாகாத பொருள் ஏதேனும் இதில் உண்டோ?’ என்பது மூன்றாம் வினா. இதற்கு விடை தருவது மாசறி சோதனை. இவற்றை ஆஸ்பிரின் என்னும் மருந்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

ஆஸ்பிரின் வெண்ணிறத் தூள். உப்பும் வெண்மையே, சர்க்கரையும் வெண்மையே. பின் எவ்வாறு அதனை அடையாளம் காண்பது? மாணவர் அத்தூளைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டுக் கொதிக்க வைப்பர். ஆறிய பின் நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்ப்பர். உடனே வெண்ணிறப் படிகங்கள் வீழ்படிவாகத் தோன்றும். காடியின் மணமும் எழும். அப்படிகங்களே சாலிசிலிக் அமிலம். அவற்றை வடிகட்டி எடுத்து நீரில் கரைத்து, ஃபெரிக் குளோரைடு கரைசலை ஒரு துளி விட்டால் ஊதா நிறம் பிறக்கும். பொருள் ஆஸ்பிரின் என்பது இவற்றால் தெளிவாகும்.

இவ்வூதா நிறம் வேறொரு செய்தியையும் உணர்த்தும். தூய ஆஸ்பிரினைக் கொதிக்க வைக்காது நேரே சோதித்தால் இந்நிறம் தோன்றுவதில்லை. ஈரம் பட்டுக் கெட்ட ஆஸ்பிரினிலோ சாலிசிலிக் அமிலம் முன்னரே பிரிந்து நிற்கும்; அதனால் ஊதா நிறம் உடனே தோன்றிவிடும். ஓரிடத்தில் மருந்தை அடையாளம் காட்டும் நிறமே, மற்றோரிடத்தில் அதன் மாசையும் காட்டிக்கொடுக்கின்றது.

இனி அளவறியும் முறையைக் காண்போம். கடைக்குச் சென்றவன் கொண்டுபோன பணம் இவ்வளவு, மீதி இவ்வளவு என்று தெரிந்தால், அவன் செலவிட்டதை எளிதில் கணக்கிடலாம் அன்றோ? இம்முறையும் அத்தகையதே. 1.5 கிராம் ஆஸ்பிரினுடன் 0.5 நார்மல் வலிமையுள்ள காரக் கரைசல் 50 மில்லிலிட்டர் சேர்த்துக் கொதிக்க வைப்பர். ஆஸ்பிரின் தனக்கு வேண்டிய காரத்தை ஏற்றுக்கொள்ளும். எஞ்சிய காரத்தை, ஃபீனால்ஃப்தலீனின் இளஞ்சிவப்பு மறையும்வரை, பியூரெட்டிலிருந்து அதே வலிமையுள்ள அமிலத்தைத் துளித்துளியாக விட்டு அளப்பர். எஞ்சியது 16.8 மில்லிலிட்டர் எனின், செலவானது 33.2. ஒரு மில்லிலிட்டர் காரம் 45.04 மில்லிகிராம் ஆஸ்பிரினுக்கு ஈடாகும். பெருக்கினால் ஏறக்குறைய 1,495 மில்லிகிராம் கிடைக்கும். அஃதாவது, நூற்றுக்கு 99.7 பங்கு ஆஸ்பிரின் உள்ளது என்பதாம்.

அமெரிக்க மருந்துத் தரநூல் இதற்கு 99.5 முதல் 100.5 வரை எல்லை வகுத்துள்ளது. பியூரெட்டின் ஒரு துளி ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். இரண்டு துளி மிகையாக விழுந்தாலே நல்ல மருந்தும் எல்லைக்குப் புறம்பாகிவிடும். ஆதலின், கை நடுங்காமையும் பொறுமையும் இக்கலைக்கு வேண்டும். அவற்றினும் மேலாக வேண்டுவது வாய்மை. எதிர்பார்த்த எண்ணை எழுதாது, கண்ட எண்ணையே எழுதுதல் பகுப்பாய்வாளரின் அறம்.

மூன்றாம் வினாவை எழுப்பாது விட்டதனால் நேர்ந்த கேடு ஒன்று உண்டு. 1937-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில், சல்ஃபனிலமைடு என்னும் நன்மருந்தைக் குழந்தைகளும் அருந்தும் வண்ணம் இன்சுவை நீர்மமாக ஆக்க ஒரு நிறுவனம் முற்பட்டது. அம்மருந்து நீரில் எளிதிற் கரையாமையால், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்மத்தில் அதனைக் கரைத்தனர். சுவை பார்த்தனர், நிறம் பார்த்தனர், மணமும் பார்த்தனர். மூன்றும் நன்றாகவே இருந்தன. கரைத்த நீர்மம் நஞ்சா என்பதை மட்டும் எவரும் ஆராயவில்லை. அதனை அருந்தியவருள் 100-க்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். அவருள் குழந்தைகள் பலர். சிகாகோவிலிருந்த அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்வுக்கூடமே அந்நஞ்சைப் பிரித்தெடுத்துக் காட்டியது. மருந்து தீங்கற்றது என்று காட்டிய பின்னரே அதனை விற்றல் வேண்டும் என அந்நாட்டில் 1938-இல் சட்டம் பிறந்தது.

இந்தியாவிலும் 1940-ஆம் ஆண்டு மருந்துகளுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. மருந்துகளைச் சோதிக்க அரசுப் பகுப்பாய்வாளரை அமர்த்த அச்சட்டம் வழி வகுத்தது. எனினும், சட்டம் இருந்தால் மட்டும் போதாது. 2022-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் குழந்தைகளுக்குக் கொடுத்த இருமல் மருந்துகளில் அதே நஞ்சு இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கற்ற பாடம் ஓரிடத்தில் மறக்கப்பட்டால், அதன் விலையை மற்றோரிடத்துக் குழந்தைகள் கொடுக்க வேண்டியதாகின்றது.

நோயாளி தான் உண்ணும் மருந்தைச் சோதித்துப் பார்க்க இயலாது. அவன் நம்பியே உண்கின்றான். அந்நம்பிக்கையைக் காப்பவர், ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயுடனும் பியூரெட்டுடனும் நிற்கும் பகுப்பாய்வாளரே. நோயாளி அவரைக் காண்பதில்லை. அவர் பெயரையும் அறிவதில்லை. ஆயினும், அவர் ஒவ்வொரு துளியையும் எண்ணுங்கால், முகமறியாத ஓர் உயிரையே காக்கின்றார்.