ஏழைக்கு நீதி எளிதோ?

நீதிமன்றத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கின்றது என்பர். ஆயின் உள்ளே சென்றவன் தன் பக்கத்து உண்மையை எடுத்துரைக்கத் தக்க துணையும் பெற்றிருத்தல் வேண்டுமன்றோ? அத்துணையை நிறமும் வறுமையும் எவ்வாறு தடுத்தன என்பது அமெரிக்க ஐக்கிய நாட்டு வழக்குகள் சிலவற்றால் தெற்றென விளங்கும்.

1931-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அலபாமா மாநிலத்திற் சரக்கு இரயிலொன்றிலிருந்து கறுப்பின இளைஞர் ஒன்பதின்மர் பிடிக்கப்பட்டனர். வெள்ளை மகளிர் இருவரை வன்புணர்ந்தனர் என்பது அவர்கள் மீது சாட்டப்பட்ட குற்றம். இரு வாரங் கழியுமுன் ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊரில் விசாரணை தொடங்கிற்று. நீதிபதி, இன்னாரே இவர்க்கு வழக்கறிஞர் எனக் குறியாது, உள்ளூர் வழக்கறிஞர் அனைவரையும் பொதுப்படச் சுட்டினார். எல்லார்க்கும் உரிய பொறுப்பு ஒருவர்க்கும் உரியதாகாது போயிற்று. சில நாட்களுள் எண்மர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

1932-இல் உச்சநீதிமன்றம் எழுவர் மீதான தீர்ப்பைத் தள்ளி, உயிர் போகும் இத்தகைய வழக்கில், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத ஏழையர்க்கு வழக்கறிஞரை அமர்த்துதல் நீதிமன்றத்தின் கடன் என்றது. குற்றஞ்சாட்டிய மகளிருள் ஒருத்தி 1933-இல் தன் கூற்றுப் பொய்யென மறுத்துரைத்தாள். 1935-இல், ஜூரிப் பட்டியலினின்று கறுப்பினத்தாரை விலக்கி வைத்தமை பற்றி மீண்டும் ஒரு தீர்ப்புத் தள்ளப்பட்டது. எனினும் அவ்விளைஞர் பல்லாண்டு சிறையில் வாடினர். எஞ்சியோர் மூவர்க்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013-இல். அப்பொழுது ஒன்பதின்மருள் ஒருவரும் உயிரோடில்லை.

வறுமை மட்டுமே தடையாய் நின்ற வழக்கும் உண்டு. 1961-இல் புளோரிடாவில் கிளாரன்ஸ் கிடியன் என்னும் வெள்ளையர், ஒரு விளையாட்டுக் கூடத்தை உடைத்துப் புகுந்தாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டார். வழக்கறிஞரை வேண்டினார், மரண தண்டனைக்குரிய வழக்கன்று என்று மறுக்கப்பட்டது. தாமே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறை பெற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதியனுப்பிய விண்ணப்பத்தை உச்சநீதிமன்றம் ஏற்று, 1963-இல் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மறு விசாரணையில் வழக்கறிஞர் வாதாட, அவர் விடுதலை பெற்றார். குற்றச்சாட்டு அதுவே, ஆளும் அவரே, வேறுபாடு வழக்கறிஞர் ஒருவரே.

இத்தீர்ப்புக்களால் இடர் முழுதும் நீங்கிற்றோ எனின், இல்லை. அரசு அமர்த்தும் வழக்கறிஞர் பலர்க்கு, ஒவ்வொரு வழக்கையும் ஆய்ந்து நோக்கப் பொழுது போதாதபடி வழக்குகள் குவிகின்றன. பிணைப் பணம் இல்லாதான், குற்றம் மெய்ப்படுமுன்னரே சிறையிற் கிடக்கின்றான். உரிமையை ஏட்டில் எழுதுதல் எளிது. அதற்குரிய பொழுதையும் பொருளையும் ஒதுக்குதலே அரிது. அவ்வரிய செயலைச் செய்யும் அரசிலேயே ஏழைக்கு நீதி எளிதாகும்.