வல்லூறுக்கும் சமணருக்கும் இடம் தந்த பாறை

ஷாகின் வல்லூறு கூடு கட்டுவதில்லை. செங்குத்தான பாறையில் யாரும் ஏறிவர முடியாத ஒரு விளிம்பைப் பார்த்து, அங்கே வெறும் பாறையிலேயே முட்டையிடும். அப்படிப்பட்ட விளிம்புகள் நிறைந்த ஏழு குன்றுகள் மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகே அரிட்டாபட்டியில் இருக்கின்றன. ஷாகினோடு லகுடு வல்லூறும் ராஜாளிக் கழுகும் இங்கே வாழ்கின்றன. சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன.

மனிதர்களும் இந்தப் பாறையைத் தேடி வந்தார்கள். ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகளுக்காக இங்குள்ள குகைத்தளத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழி எழுத்தில் இன்றும் நிற்கின்றன. பிறகு தீர்த்தங்கரர் சிற்பமும் அதனடியில் வட்டெழுத்துக் கல்வெட்டும் வந்தன. பாண்டியர் காலத்தில் மலையைக் குடைந்து சிவனுக்கு ஒரு கோயில் எழுந்தது. தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் லகுலீசர் சிற்பம் அதில் இருக்கிறது.

இத்தனைக்கும் அடிப்படை தண்ணீர். கருங்கல் மழைநீரை உறிஞ்சாது. விழும் நீர் சரிவில் வழியும். ஒரு பகுதி பள்ளங்களில் சுனையாகத் தேங்கும், மிச்சம் அடிவாரக் கண்மாய்களுக்கு இறங்கும். 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்கிறது அரசின் கணக்கு. பாண்டியர் கால ஆனைகொண்டான் ஏரியும் இதில் சேர்த்தி. கண்மாய் நிறைந்தால் வயல் விளையும். வயலுக்குப் புறாவும் மைனாவும் வரும். அவற்றைத் தேடி வல்லூறு வரும். அடிவாரப் புதர்களில் தேவாங்கு இரவில் பூச்சி பிடிக்கிறது, அழுங்கு கறையான் புற்றைத் தோண்டுகிறது.

கிரானைட் குவாரிகளால் மேலூர் வட்டாரம் பல குன்றுகளை இழந்திருக்கிறது. அந்த வட்டாரத்தில் இந்த ஏழு குன்றுகள் தப்பி நிற்பதே பெரிய காரியம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. இந்தத் தலத்தையும் உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கும் அதிகமான நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதி ஏலம் போனது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ஆனால் அரசாணை வரைந்த எல்லை 193 ஹெக்டேரோடு நின்றுவிடுகிறது. வல்லூறு இரை தேடுவது அதற்கு வெளியே உள்ள வயல்களிலும் கண்மாய்களிலும். மலையைக் காப்பது என்றால் அந்த வயல்களையும், அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களையும் சேர்த்தே காக்க வேண்டும். அடுத்த அறிவிப்பில் அவையும் இடம்பெற வேண்டும்.