பனியைத் தாங்கும் யூக்கலிப்டஸ்

யூக்கலிப்டஸ் என்றதும் தடிமனுக்குப் பூசும் தைலத்தின் மணமே நம்மிற் பலருக்கு நினைவில் எழும். நுவரெலியா சென்று மீண்டோர் அங்குள்ள நெடுமரங்களையும் எண்ணிப் பார்ப்பர். இவ்வினத்தில் 700க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுட் சில உறைபனி மூடும் மலைகளிலே பிறந்தவை. பிரித்தானிய வீட்டுத் தோட்டங்களில் இன்று பெரிதும் விரும்பி நடப்படும் 'சைடர் கம்' என்னும் மரம் அத்தகையது.

அவுஸ்திரேலியாவின் தெற்கேயுள்ள தஸ்மானியாத் தீவின் மேட்டுநிலமே இதன் தாயகம். 1844ஆம் ஆண்டிலே தாவரவியலறிஞர் ஹூக்கர் இதனை விவரித்து, அத்தீவிற் செடிகொடிகளைச் சேகரித்துவந்த றொனால்ட் கன் என்பாரின் பெயரைச் சூட்டினார். பழங்குடி மக்களோ அதற்கு நெடுங்காலம் முன்பே இம்மரத்தை அறிந்திருந்தனர். பட்டையிலே துளையிட்டு, ஊறும் இனிய சாற்றைத் திரட்டிப் புளிக்கவைத்துப் பருகினர். கருப்பநீரும் கள்ளும் கண்ட நமக்கு இது புதுமையன்று. சைடர் என்பது புளித்த அப்பிள் சாற்றின் பெயர். அதுவே இம்மரத்துக்கும் ஆகிவந்தது.

வேரூன்றிய மரம் சூனியத்துக்குக் கீழ் 10 பாகை செல்சியஸ் வரையிலான குளிரையும் பொறுக்கும். ஆயினும் அக்குளிர் படிப்படியாக வருதல் வேண்டும். இலையுதிர்காலம் வெதுவெதுப்பாயிருந்து திடீரென ஓரிரவு உறைபனி விழுந்தால் இளந்தளிர் கருகிவிடும். நைதரசன் உரத்தை அள்ளியிட்டு வளர்த்த மரத்துக்கே இக்கேடு மிகுதி.

மேற்பகுதி கருகினும் மரம் செத்ததென்று துணிந்து தோண்டிவிடலாகாது. அடித்தண்டிலே மண்ணை ஒட்டிக் கிழங்குபோன்ற ஒரு புடைப்பு உண்டு. உறங்கும் மொட்டுகள் அதனுள்ளே இருக்கின்றன. கோடை வரை பொறுத்திருந்தால் அங்கிருந்து புதுத்தளிர் வெடிப்பதைக் காணலாம்.

நடும்போதுதான் பலர் பிழை செய்கின்றனர். ஆளுயரக் கன்றைக் காசு கொடுத்து வாங்கி, தடியோடு இறுகக் கட்டிவைக்கின்றனர். சாடியிலே சுருண்ட வேர் நிலத்திலும் சுருண்டே கிடக்கும்; சில ஆண்டுகளில் ஒரு புயற்காற்றுக்கு மரம் சாய்ந்துவிடும். ஓராண்டு நிரம்பாத சிறு கன்றே சிறந்தது. உறைபனிக்காலம் நீங்கிய வசந்தத்திலே, வெயில் படுவதும் கடுங்குளிர்காற்று நேரே தாக்காததுமான இடத்தில் அதனை நடுக. வீட்டுச் சுவருக்கு அருகில் வேண்டாம். தன்போக்கில் விட்டால் ஆண்டுக்கு ஐந்தாறு அடி உயர்ந்து பெருமரமாகும்.

சிறிய தோட்டத்தார்க்கும் வழி உண்டு. குளிர்காலம் முடியுந் தறுவாயில் மரத்தை நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் வெட்டினால் அது புதராய்த் துளிர்க்கும். இளமையில் இதன் இலை வட்டமாய், வெள்ளி கலந்த நீலமாய் இருக்கும்; முதிர்ந்தபின் நீண்டு பசுமையாகும். ஆண்டுதோறும் வெட்டுவதால் அந்த அழகிய வட்ட இலையே நிலைக்கும். பூக்கடைக்காரர் மலர்ச்செண்டுகளில் வைப்பதும் இதனைத்தான்.

முதலிரண்டு கோடைகளிலும் நீர் ஊற்ற மறத்தல் கூடாது. பனியைத் தாங்கும் இம்மரம் வறட்சியைத் தாங்காது. தஸ்மானியாவின் மையீனாப் பகுதியிலே இதன் உட்பிரிவொன்று வறட்சியால் பட்டுப்போய், இன்று அழியும் நிலையிலுள்ள தாவரங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. முளைத்துவரும் கன்றுகளையும் விலங்குகள் மேய்ந்துவிடுவதால், அவற்றைச் சுற்றி வேலியிட்டு அங்குள்ளோர் காத்துவருகின்றனர்.