கல்லூரியின் முதல் வாரம்

புதுமணப் பெண் ஒருத்தி புகுந்த வீட்டில் காலடி வைக்கும் நாளில், வாயிலில் நிறுத்தி ஆரத்தி எடுக்கிறார்கள். அது அழகிய வழக்கம். ஆனால் ஆரத்தித் தட்டு உள்ளே போன பிறகு, உப்புச் சாடி எங்கே இருக்கிறது, கொல்லைக் கதவை எப்படித் தாழிடுவது, வீட்டுப் பெரியவர் எத்தனை மணிக்கு உண்பார் என்பவற்றை அன்போடு சொல்லித்தர ஒருவர் இருந்தால்தான், அது அவளுக்குத் தன் வீடாகிறது. இல்லையேல், ஊரே வியக்க வரவேற்றாலும், அவள் அங்கே விருந்தாளிதான்.

நேயர்களே, கல்லூரிக்குள் புதிதாய் நுழையும் மாணவ மாணவியரின் நிலையும் இதுவே. ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும்போது தோரணம் கட்டுகிறோம், குத்துவிளக்கு ஏற்றுகிறோம், பெரியோரை அழைத்துப் பேசச் செய்கிறோம். ஆரத்தியில் நாம் குறைவைப்பதில்லை. உப்புச் சாடி இருக்கும் இடத்தைச் சொல்லத்தான் மறந்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். நான் தலைமையாசிரியனாய் இருந்த அரசினர் மேல்நிலைப் பள்ளியில் படித்து, கணக்கில் சிறந்த மதிப்பெண் வாங்கி, ஒரு பொறியியற் கல்லூரியில் இடம் பெற்றான் ஒரு மாணவன். கல்லூரி திறந்த பத்தொன்பதாம் நாள் மாலை அவன் என் வீட்டுத் திண்ணையோரம் வந்து நின்றான். கையில் துணிப்பை, தோளில் சுருட்டிய போர்வை.

“என்ன தம்பி, விடுமுறையா?” என்று கேட்டேன்.

“இல்லை ஐயா, வந்துவிட்டேன்” என்றான்.

உட்காரவைத்து, சாப்பிடச் சொல்லி, மெல்ல விசாரித்தேன். யாரும் அவனைத் துன்புறுத்தவில்லை. ஆசிரியர்கள் நல்லவர்கள். ஆனால் விரிவுரை முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது, பாதி புரியவில்லை. கிரெடிட், இன்டர்னல், அரியர் என்று நாள்தோறும் காதில் விழுந்த சொற்கள் மற்றவர்க்கெல்லாம் தெரிந்தவைபோல் தோன்றின, கேட்க வெட்கம். அவன் தன் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகவேண்டியவன். அத்தகையோர்க்கு அரசு வழங்கும் கட்டணச் சலுகைக்குரிய தாள்களை ஒப்படைக்கும் நாள் கடந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முழுக் கட்டணத்தையும் தந்தை கட்ட நேருமே என்று அஞ்சி, ஒருவரிடமும் சொல்லாமல் புறப்பட்டுவிட்டான்.

“முதல் நாள் விழாவில் ஒன்பது பேர் பேசினார்கள், ஐயா. எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை” என்றான்.

மறுநாள் காலை முதற் பேருந்தில் நானே அவனை அழைத்துச் சென்றேன். அலுவலகக் கண்காணிப்பாளர் கனிவான மனிதர். தாள்களைக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருந்தது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்தப் பிள்ளை படித்துத் தேறி இன்று நல்ல பணியில் இருக்கிறான். ஆனால் பேருந்தில் திரும்பும்போது ஒரு கேள்வி என் நெஞ்சை அறுத்தது. இவன் என் வீட்டுக்கு வந்தான். வராமல், பேசாமல் ஊர் திரும்பி, ஏதேனும் ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ? அவர்கள் தேர்வில் தோற்றவர்கள் அல்லர். தேர்வு வரும்வரை அங்கே தங்கவே இயலாதவர்கள்.

என் தலைமுறையில் இந்த மாற்றத்திற்கு ஒரு பாலம் இருந்தது. 1975ஆம் ஆண்டில் நான் பதினோராம் வகுப்பை முடித்துப் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். பள்ளிக்கும் பட்ட வகுப்புக்கும் இடைப்பட்ட அந்த ஓராண்டில், ஆங்கில விரிவுரைக்குக் காது பழகியது. குறிப்பெடுக்கக் கை பழகியது. நூலகத்துள் அச்சமின்றி நுழையக் கால் பழகியது. 1978ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி பள்ளிகளிலேயே தொடங்கியபோது புகுமுக வகுப்பு மறைந்தது. சிற்றூர்ப் பிள்ளைகள் வீட்டருகிலேயே மேலும் ஈராண்டு படிக்க வழி பிறந்தது என்பதால் அது நல்ல மாற்றமே. எனினும் ஓராண்டுப் பாலம் செய்த வேலையை இன்று ஒரு வாரம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வாரத்தையும் விழாவாகக் கழித்துவிட்டால் என்ன ஆகும்?

இக்கேள்வியைப் பிற நாட்டாரும் எதிர்கொண்டிருக்கின்றனர். அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக் கழகத்தில் 1970ஆம் ஆண்டில் மாணவர் கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சி அடங்கிய பின், அதன் தலைவராய் இருந்த தாமஸ் ஜோன்ஸ், மாணவர்மேல் சினங்கொள்வதோடு நின்றுவிடவில்லை. மாணவரும் பல்கலைக் கழகமும் ஒருவரையொருவர் அறிந்து நம்புவதற்கு வழி தேடினார். அதன் விளைவாக 1972ஆம் ஆண்டில் புது மாணவர்க்கென ஒரு பாடம் தொடங்கியது. சிறு சிறு குழுக்களாக அமர்ந்து, ஒரு பருவம் முழுவதும், பல்கலைக் கழக வாழ்வையே பாடமாகப் பயிலும் முறை அது. இன்றும் நடந்துவருகிறது, வேறு பல நிறுவனங்களுக்கும் முன்மாதிரியாயிற்று.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2011ஆம் ஆண்டு முதல் புது மாணவர்க்கு ஐந்து வார அடிப்படைப் பயிற்சியை நடத்தியது. பாட வகுப்புகள் அதன் பின்னரே தொடங்கின. பொறியியற் கல்லூரிகளில் மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டுமென அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017ஆம் ஆண்டில் வகுத்தது. பல்கலைக் கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டில் ‘தீக்ஷாரம்ப்’ என்னும் வழிகாட்டியை எல்லாக் கல்லூரிகளுக்கும் வெளியிட்டது. விளையாட்டு, கலை, ஊரைச் சுற்றிக் காணுதல், சிறு குழுக்களில் உரையாடல் என யாவும் அவற்றில் கூறப்பட்டுள்ளன. ஆகவே திட்டத்திற்குப் பஞ்சமில்லை. தாளில் மூன்று வாரமாய் இருப்பது அரங்கத்தில் மூன்று நாள் சொற்பொழிவாய்ச் சுருங்கிவிடும் இடங்களில்தான் குறை நேர்கிறது.

இதைச் செம்மைப்படுத்தும் வழி என்ன? ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதிகளே போதும் என்பது என் கருத்து.

முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல். மாணவன் அறிந்தது பள்ளி. பள்ளியில் ஒரே வகுப்பறை. இங்கே பாடந்தோறும் அறை மாறும். பள்ளியில் வகுப்பாசிரியர் அவனைத் தேடி வருவார். இங்கே அவன் ஆசிரியரைத் தேடிச் செல்ல வேண்டும். இவ்வாறு பள்ளியோடு ஒப்பிட்டு, தாய்மொழியில், புதுச் சொற்களை எல்லாம் விளக்கும் சிறு ஏடு ஒன்றைக் கையில் கொடுத்தால், பாதி அச்சம் அன்றே தீரும்.

இரண்டாவது, தேவை எழும்போது சொல்லுதல். முதல் நாளில் தேவைப்படுவன உணவகம், கழிப்பறை, வகுப்பறை, விடுதி அறை, உதவிக்கு ஓர் ஆள், இவ்வளவே. கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் முதல் வாரத்திற்குரியவை. நூலகத்தைப் பயன்படுத்தும் முறை, முதற் கட்டுரை எழுதும் வேளையில் மனத்தில் பதியும். தேர்வு விதிகள் முதற் தேர்வுக்கு முன் சொல்லத்தக்கவை. எல்லாவற்றையும் ஒரே காலையில் கொட்டுவது, நாற்று நட்ட அன்றே பருவம் முழுமைக்கும் உரிய நீரைப் பாய்ச்சுவது போன்றது. பயிர் அழுகுமேயன்றி வளராது.

மூன்றாவது, கூட்டத்தைச் சிறிதாக்குதல். ஐந்நூறு பேர் கூடிய அரங்கில் கை தூக்கி ஐயம் கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? இருபது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்று பொறுப்பளித்தல் வேண்டும். இது புதிய கருத்தும் அன்று. ராகிங் கொடுமையைத் தடுக்க மானியக் குழு 2009ஆம் ஆண்டில் வகுத்த விதிகளிலேயே, புது மாணவரைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், அவர் நாள்தோறும் ஒவ்வொருவரோடும் பேசிக் குறை அறிய வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசிரியர் இருந்தால், மூன்று நாள் வராத மாணவனைப் பற்றி நான்காம் நாள் யாராவது விசாரிப்பார்கள். என் மாணவன் பத்தொன்பது நாள் அங்கிருந்தான். அவன் பெயரை அறிந்தவர் எவரும் இல்லை.

நான்காவது, மூத்த மாணவரின் வாய்மொழி. வால்டன், கோஹன் என்னும் உளநூல் அறிஞர் இருவர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு எண்ணத்தக்கது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதலாண்டு மாணவர்க்கு, ‘தொடக்கத்தில் நாங்களும் இங்கே அந்நியராகவே உணர்ந்தோம்; நாளடைவில் அது நீங்கிற்று’ என்னும் பொருள்பட மூத்த மாணவர் கூறிய செய்திகளைப் படிக்கச் செய்தனர். பிறகு தம் அனுபவத்தோடு பொருத்தி எழுதச் செய்தனர். இதற்கு ஆன நேரம் ஒரு மணி அளவே. அதில் பங்குகொண்ட கருப்பின மாணவரின் மதிப்பெண் தொடர்ந்து மூன்றாண்டுகள் உயர்ந்தது. வெள்ளையின மாணவரோடு இருந்த இடைவெளி பாதியாய்க் குறைந்தது. ‘இந்தத் துன்பம் எனக்கு மட்டும் உரியதன்று, இது நீங்கும்’ என்ற அறிவுக்கு எவ்வளவு ஆற்றல்! ஒன்பது பெரியோரின் உரையைக் காட்டிலும், தமிழ்வழியில் படித்து வந்து இன்று மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஓர் அக்காள் பத்து நிமிடம் மனம்விட்டுப் பேசுவது மேல்.

இவையெல்லாம் வளர்ந்த பிள்ளைகளைக் குழந்தைகளாக்குவது ஆகாதா, பாடம் நடத்தும் நாள் வீணாகாதா என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. நீந்தக் கற்பிப்பவர் முதல் நாள் கையைப் பிடித்துக்கொள்கிறார். பிடித்தபடியே இருப்பதற்காக அன்று, விடுவதற்காகவே. படித்த பெற்றோரின் பிள்ளைக்கு இச்செய்திகளை வீட்டிலேயே யாராவது சொல்லிவிடுகிறார்கள். சொல்ல ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிதான் சொல்ல வேண்டும். அது சலுகை அன்று, நியாயம். இழக்கும் நாட்களோ, முதல் கோணல் முற்றும் கோணல் ஆகாமல் காப்பவை. பின்னர் வட்டியோடு திரும்பி வருபவை.

நிறைவாக, கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு வரவேற்பு விழாவில் ஒரு சொற்பொழிவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு புது மாணவன் கையிலும் ஒரு சிறு அட்டையைக் கொடுங்கள். ஓர் ஆசிரியர் பெயர், ஒரு மூத்த மாணவர் பெயர், அவர்களைக் காணக்கூடிய இடம், நேரம்; இந்த நான்கும் அதில் இருந்தால் போதும். ஆறு வாரம் கழித்து அந்த ஆசிரியர் ஒருமுறை, “எப்படி இருக்கிறாய், தம்பி?” என்று கேட்கட்டும். அதன் பிறகு எந்தப் பிள்ளையும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு பழைய தலைமையாசிரியர் வீட்டைத் தேடி வர வேண்டிய தேவை இராது.