பேசும் படவரிசை

நியூயார்க் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 80 இலட்சம். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் ஒருநாளும் செய்தித்தாளில் இடம்பெறுவதில்லை. அத்தகையோரைத் தேடிச் சென்று, 2009ஆம் ஆண்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் தன் இணையத்தளத்தில் ஒரு தொடரை வெளியிட்டது. ‘80 இலட்சத்தில் ஒருவர்’ என்று பொருள்படும் தலைப்பில் வாரந்தோறும் வெளிவந்த அத்தொடரில் 54 பேரின் கதைகள் இடம்பெற்றன. டாட் ஹெய்ஸ்லர் எடுத்த கறுப்பு வெள்ளை ஒளிப்படங்கள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக மாற, அம்மனிதரின் குரல் தன் கதையைத் தானே கூறும்.

நிலைப்படங்களையும் ஒலிப்பதிவையும் இணைத்துச் செய்தி கூறும் இவ்வடிவத்தை ‘ஒலிப் படவரிசை’ எனலாம். காணொலி இருக்க இஃது எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. காணொலியில் முகக்குறிப்பு நொடியில் மறைந்துவிடும். நிலைப்படமோ அதனை நிறுத்திக் காட்டும். கண் படத்தில் ஊன்றியிருக்கும்போது, செவி குரலின் தயக்கத்தையும் பெருமூச்சையும் தவறவிடாது.

இவ்வடிவத்திற்கு ஒலியே முதுகெலும்பு. நெடிய நேர்காணலை முதலில் இரண்டு மூன்று நிமிடங்களாகச் சுருக்கி, அதன் போக்கிற்கேற்பவே படங்களை அடுக்குவர். பேச்சு மட்டும் போதாது; தையல் எந்திரத்தின் ஓசை, கதவு திறக்கும் ஒலி ஆகியனவும் வேண்டும். யாரும் பேசாத வேளையில் அறையின் அமைதியைக்கூடத் தனியே பதிவுசெய்துகொள்வர். பேச்சை வெட்டி இணைத்த இடங்கள் செவிக்கு உறுத்தாதவாறு அவ்வமைதியே நிரப்பும்.

இடர் இருப்பதும் இந்த இணைப்பில்தான். படம் ஒருநாள் எடுக்கப்பட்டிருக்கும். குரல் வேறொரு நாள் பதிவாகியிருக்கும். ஒருவர் தம் தாயின் மறைவைப் பற்றிப் பேசுகிறார். அப்போது, களைப்பால் அவர் தலைகவிழ்ந்திருந்த படமொன்று திரையில் தோன்றினால், பார்ப்போர் அதனைத் துயரமென்றே கொள்வர். படமும் உண்மை, குரலும் உண்மை. ஆயினும் பார்த்தவர் ஏமாற்றப்பட்டுவிட்டார். சோக இசையைப் பின்னணியில் சேர்ப்பதும் ஏறத்தாழ இத்தகையதே. தம் குரலை நம்பி ஒப்படைத்தவருக்கும் அது நீதியன்று.

அக்குரல்களைப் பேணிக் காக்கும் கடமையும் செய்தி நிறுவனத்திற்கு உண்டு. அக்காலத்து ஒலிப் படவரிசைகள் பல ‘ஃபிளாஷ்’ என்னும் தொழில்நுட்பத்தைச் சார்ந்து உருவாக்கப்பட்டவை. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அன்று புதிய வடிவத்திற்கு மாற்றப்படாதவை இன்றைய உலாவிகளில் இயல்பாகத் திறப்பதில்லை; அவற்றில் பேசிய மனிதர்களின் குரல்களும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன.