பின்சீட்டில் நைட் ஹால்ட்

சக்கரத்தின் மேல் படுக்கை போட்டுத் தூங்குவதில் மனிதர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று பார்க்க, தில்லி சாணக்யபுரியில் ஒரு இடம் இருக்கிறது. 1977 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகம். வேல்ஸ் இளவரசரின் இந்திய வருகைக்காக 1875-ல் கட்டிய சலூன் பெட்டி அங்கே நிற்கிறது. பக்கத்திலேயே மைசூர் மகாராஜாவின் 1899-ஆம் ஆண்டு சலூன். தேக்கில் செய்து தந்தமும் பொன்னும் இழைத்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிற எவருக்கும் ஒரு நிமிடமாவது உள்ளே படுத்துப் பார்க்கத் தோன்றும்.

அருங்காட்சியகம் மூடிய பிறகு, அதே சாணக்யபுரியின் கிளைச் சாலைகளில் வேறு வகை சலூன்கள் வந்து ஓரம் கட்டும். மாருதி ஈக்கோ, எர்டிகா, எப்போதாவது ஒரு பழைய ஆம்னி. கண்ணாடி இரண்டு விரல் இறங்கியிருக்கும். டாஷ்போர்டில் செருப்பு இருக்கும், அல்லது ஜன்னலில் ஒரு துண்டு தொங்கும். உள்ளே டிரைவர் படுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தப் பகுதியின் வேலையே காத்திருப்புதான். தூதரகத்தில் தேசிய தின விருந்து என்றால் விருந்தாளிகளைக் கொண்டுவந்து இறக்கிய வண்டிகள் நள்ளிரவு வரை நிற்க வேண்டும். காலையில் விசா நேர்முகம் உள்ள குடும்பம் பஞ்சாபிலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ வாடகை வண்டி பிடித்து விடியும் முன்பே வந்துவிடும். தமிழ்நாடு இல்லத்துக்கு வருகிற நம் ஊர்க்காரர்களும் ஒரு வண்டியை நாள் முழுக்க எடுத்துக்கொண்டு, “பையா, அப்படியே வெயிட் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறவர்கள்தான். சாந்தி பத், நியாய மார்க், நீதி மார்க், சத்ய மார்க் என்று அறநூல் அட்டவணையே சாலைப் பெயர்களாகக் கிடக்கிற இடத்தில், வண்டி ஓட்டுகிறவர் காலை நீட்ட ஒரு மூலை தேட வேண்டியிருக்கிறது. பழைய கறுப்பு-மஞ்சள் காளி-பீலி டாக்ஸி ஸ்டாண்டுகளுக்கு ஒரு கூடாரமும் இரண்டு கயிற்றுக் கட்டிலும் உண்டு. அங்கே இடம் ஸ்டாண்டுக்காரர்களுக்கு. வெளியூர் வண்டிக்கு அதன் பின்சீட்டுதான் கட்டில்.

அந்தக் கட்டிலின் அளவைப் பார்ப்போம். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து பிறகு ஆம்னியான வண்டியின் மொத்த நீளம் 3,370 மில்லிமீட்டர், அகலம் 1,410. இரண்டுமே கதவுக்கு வெளியே பிடித்த அளவு. ஜப்பானின் குறுகலான தெருக்களுக்காக வடிவமைத்த சுசூகி கேரியின் வாரிசு அது, அதனால்தான் இத்தனை சிக்கனம். 2019-ல் ஆம்னி நின்றுபோனது. 2010-ல் வந்த ஈக்கோ கொஞ்சம் தாராளம்: நீளம் 3,675, அகலம் 1,475. ஐந்தரை அடி ஆள் 168 சென்டிமீட்டர். கதவின் தடிமனைக் கழிக்காமல் பார்த்தாலே, பின்சீட்டில் குறுக்கே படுத்தால் ஒரு சாண் உயரம் மிஞ்சுகிறது. அந்த ஒரு சாணுக்காக முழங்கால் இரவெல்லாம் மடங்கிக் கிடக்கிறது.

சரக்கு வேனில் இந்தத் தொல்லை குறைவு. பின்னால் தட்டையான தளம் இருக்கும், நீளவாக்கில் படுக்கலாம். பயணிகள் வண்டியில்தான் சிக்கல். பதிவுச் சான்றில் எத்தனை சீட் என்று எழுதியிருக்கிறதோ அத்தனையும் வண்டியில் இருந்தாக வேண்டும். தூக்கத்துக்காகக் கழற்றிப் போட முடியாது. சில வண்டிகளில் டிக்கியை சிஎன்ஜி சிலிண்டர் வேறு பிடித்துக்கொள்கிறது. ஆகவே தீர்வு, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கால் வைக்கிற பள்ளத்தை நிரப்புவது. முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, பள்ளத்தில் பையும் தண்ணீர் கேனும் அடுக்கி, மேலே ஒரு பிளைவுட் பலகை போட்டால் பின்சீட்டின் உயரத்துக்குச் சமமாக வந்துவிடும். இப்போது மூலைக்கு மூலை சாய்வாகப் படுக்கலாம். சாணளவு இடம் அப்படித்தான் கிடைக்கிறது. சொந்த வண்டியில் குடும்பத்தோடு போய்ப் படுக்க நினைப்பவர்களும் மெத்தை வாங்குவதற்கு முன் டேப் வைத்து அளப்பது நல்லது. கடைக்காரர் சொல்லும் ‘கார் பெட்’ அளவுகள் பெரும்பாலும் பெரிய வண்டிகளுக்கானவை.

ஆம்னியிலும் ஈக்கோவிலும் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆக்ராவிலிருந்தோ ஜெய்ப்பூரிலிருந்தோ ஓட்டிவந்து நிறுத்தியதும் டிரைவர் சீட்டைச் சாய்த்து அதிலேயே படுத்தால் அடியிலிருந்து சூடு ஏறும். மே மாதத்தில் அது தண்டனை, ஜனவரியில் கொஞ்ச நேரத்துக்கு வரம். சாணக்யபுரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1944 மே மாதம் 47.2 டிகிரி பதிவாகியிருக்கிறது. 2021 புத்தாண்டு அன்று காலையில் 1.1 டிகிரி. ஒரே தகரப் பெட்டி இரண்டையும் தாங்க வேண்டும்.

குளிரில் எல்லோரும் செய்யும் தப்பு, கனமான ரஜாயை மேலே போர்த்திக்கொண்டு அடியில் ஒன்றும் விரிக்காமல் படுப்பது. உடம்பின் எடையில் அடித்துணி அமுங்கிவிடுகிறது, இரும்புத் தளம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. இரண்டு போர்வை இருந்தால் ஒன்று கீழே போக வேண்டும். அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தாலும் போதும். அடுத்த தப்பு, கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடுவது. மூச்சின் ஈரமெல்லாம் கண்ணாடியில் படிந்து விடிகாலையில் சொட்டும், போர்வை நனையும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கண்ணாடியும் இரண்டு விரல் திறந்திருக்கட்டும். மழை முடிந்து வருகிற மாதங்கள் தில்லியில் டெங்குக் காலம். அப்போது அந்த இடைவெளியில் கொசுவலைத் துணியைச் செருக வேண்டும். வெளிச்சத்துக்கும் துணிதான். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-ல் தடை செய்துவிட்டது. நிறுத்தியபின் துண்டைக் கட்டி, கிளம்பும் முன் அவிழ்த்துவிடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் சுகம் பற்றியது. உயிர் பற்றியது வேறு. இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, மூடிய வண்டிக்குள் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்கிறது. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து வந்த புகைதான் காரணம் என்று தெரியவந்தது. இத்தனைக்கும் அது தூங்குவதற்கென்றே வசதி செய்த வண்டி. தில்லியில் ஒவ்வொரு குளிர்காலமும் மூடிய அறைக்குள் அங்கீட்டி என்கிற கரி அடுப்பை வைத்துப் படுத்தவர்கள் இறந்த செய்தி வருகிறது. வேன் அறையைவிடச் சிறியது.

கால் மடங்கிக் கிடப்பதும் வெறும் வலியோடு போவதில்லை. ஜப்பானில் 2004 அக்டோபரில் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது வீட்டுக்குள் போகப் பயந்து பல நாட்கள் காரிலேயே தூங்கியவர்களில் சிலர், காலில் ரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து இறந்தார்கள். 2016 குமமோட்டோ நிலநடுக்கத்திலும் இது திரும்ப நடந்தது. சீட்டில் உட்கார்ந்த வாக்கில் தூங்குவது, கழிப்பறை தேட வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது, இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. சாணக்யபுரியில் இரவு பத்து மணிக்கு மேல் திறந்திருக்கும் கழிப்பறை எங்கே என்று எந்த டிரைவரையாவது கேட்டுப் பாருங்கள். அவர் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்பது புரியும். அதே ஜப்பானில் காரில் தூங்குவது இன்று ஒரு பொழுதுபோக்கு. நெடுஞ்சாலை ஓரங்களில் 1993 முதல் அரசு அங்கீகாரத்தோடு ஓய்வு நிலையங்கள் வந்திருக்கின்றன. 24 மணி நேரமும் கழிப்பறை, கட்டணமில்லாத பார்க்கிங். குட்டி வேனில் படுத்து எழுந்த ஓய்வுபெற்ற தம்பதி அங்கே முகம் கழுவிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவார்கள்.

நம் ஊரில் சட்டம் அதைவிடப் பழையது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், இரவு தங்க வேண்டிய இடங்களில் முதலாளி ஓய்வறை தர வேண்டும் என்றது. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே தொடர்ந்து ஒன்பது மணி நேர ஓய்வு கேட்டது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. கடன் வாங்கி ஒற்றை ஈக்கோ ஓட்டுகிறவருக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. தனக்குத்தானே அவர் எந்த ஓய்வறையைக் கட்டுவார்? பார்ட்டி தருகிற டிரைவர் பேட்டாவில் லாட்ஜ் அறை எடுக்கலாம்தான். எடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோக அதில் ஒன்றும் இருக்காது. நைட் ஹால்ட்டில் மிச்சம் பிடிக்கக் கூடிய ஒரே செலவு தூக்கம்தான் என்பதால் அதைப் பிடிக்கிறார்கள்.

மிச்சம் பிடித்ததன் விலை மறுநாள் சாலையில் தெரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் சொக்கினால் வண்டி கிட்டத்தட்ட 89 மீட்டர் போயிருக்கும், ஓட்டுகிறவர் இல்லாமலே. தில்லியிலிருந்து ஆக்ரா போகும் யமுனா விரைவுச்சாலை விடிகாலை விபத்துகளுக்குப் பெயர் வாங்கியதில் இந்தக் கண்ணயர்வுக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பம் ஹோட்டலில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து வந்திருக்கும்.

தமிழ்நாடு 2023-ல் ஒரு வேலை செய்தது. கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களும் லாட்ஜ்களும் விருந்தினரின் டிரைவர்களுக்குக் கழிப்பறை, குளியலறையோடு பொதுத் தங்கும் அறை தர வேண்டும், அது வளாகத்திலேயோ 250 மீட்டருக்குள்ளேயோ இருக்க வேண்டும் என்றது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வேன் டிரைவர்கள் பனியில் வண்டிக்குள்ளேயே சுருண்டு கிடந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த விதி. தில்லிக்கும் இப்படி ஒன்று தேவை, அதிலும் தூதரகங்களும் மாநில இல்லங்களும் நட்சத்திர ஹோட்டல்களும் அடுத்தடுத்து நிற்கிற சாணக்யபுரிக்கு முதலில் தேவை. நம் பக்கத்தில் விதி காகிதத்தில் இருக்கிறது. எத்தனை ஹோட்டல்களில் அறையாக இருக்கிறது என்பது அங்கே ரூம் போடுகிறவர்கள் கேட்டால்தான் வெளியே வரும். ஊட்டியில் அறைச் சாவியை வாங்கும்போதே ரிசப்ஷனில் கேட்டுவிடலாம்: “எங்க டிரைவர் அண்ணனுக்கு ரூம் எந்தப் பக்கம்?”