மழைக்காலம் முடிந்ததும் மக்கர் செய்யும் மொபைல் ஸ்டார்ட்டர்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் என்ன பார்ப்போம்? பவர் வருகிறதா என்றுதான். கிணற்றடியில் இருக்கும் மொபைல் ஸ்டார்ட்டருக்கும் இதே பாடம் பொருந்தும்.

மொபைல் ஸ்டார்ட்டர் என்பது பம்ப்செட் ஸ்டார்ட்டரோடு இணைக்கும் சிறிய பெட்டி. உள்ளே ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், சிம் கார்டு, ரிலே, பேட்டரி இருக்கும். வீட்டிலிருந்து போன் செய்தால் மோட்டாரை ஓட்டும், நிறுத்தும். கரண்ட் இல்லாவிட்டால் அதையும் சொல்லும். அதற்காகத்தான் பேட்டரி. தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியம் வழங்கி வந்திருக்கிறது.

ஏற்காடு மலையில் கொட்டச்சேடு பக்கம் என் சித்தப்பாவுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. மழை மாதங்களில் பம்புக்கு வேலை இல்லை, மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். ஆனால் மொட்டு கட்டிய காப்பிச் செடிக்கு பிப்ரவரி, மார்ச்சில் மழை தவறினால் ஸ்பிரிங்க்ளர் தண்ணீர்தான் கதி. அது தாமதமானால் மொட்டு கருகும், அந்த ஆண்டு மகசூல் குறையும். அப்படி ஒரு பிப்ரவரியில் கருவி பதிலே தரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார். வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் பாதுகாப்பு

ஆட்டோ நிலையில் விட்டால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடலாம். எனவே மேனுவலுக்கு மாற்றிவிட்டு, கிணற்றடியில் யாரும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வருவது 415 வோல்ட். அதைத் திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை.

1. பேட்டரி

பல மாடல்களில் சின்ன யுபிஎஸ்ஸில் இருப்பது போன்ற 12 வோல்ட் சீல்டு பேட்டரிதான் இருக்கிறது. மெயின் அணைந்தால் சார்ஜ் நின்றுவிடும். ஆனால் சிம் பகுதி பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரவு முழுக்க சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஆறவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்களில் ஒன்று செத்திருக்கலாம்.

லைட் எரிகிறது என்று ஏமாறாதீர்கள். லைட்டுக்குச் சொற்ப கரண்ட் போதும். டவரைத் தேடும்போது சிம் மாட்யூல் நொடிப் பொழுதுக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். பலவீனமான பேட்டரி அந்த நொடியில் படுத்துவிடும், கருவி ரீசெட் ஆகும்.

2. சிம் கார்டு

சிம்மைக் கழற்றி சாதாரண போனில் போட்டு ஒரு கால் செய்து பாருங்கள். 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்க்கும் குறைவாக இருந்தால் பிரீபெய்டு இணைப்பை நிறுத்த டிராய் விதி இடம் தருகிறது. புது சிம் வாங்கினால் கவனம்: உங்கள் கருவி 2ஜி என்றால் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவில் 2ஜி சேவை இல்லை. சிம்மின் பித்தளை நிறப் பகுதியை, ரேம் துடைப்பது போல, ரப்பரால் மெதுவாகத் துடைக்கலாம். ஆன்டெனா திருகையும் இறுக்கிப் பாருங்கள்.

3. கடிகாரம்

டைமர் உள்ள மாடல் என்றால் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். மதர்போர்டில் சிமாஸ் பேட்டரி தீர்ந்தால் தேதி மாறுவது போல இதிலும் மாறலாம். தப்பான நேரத்தில் மோட்டார் ஓடுவது ஆபத்து.

4. பம்ப்

கருவி பதில் சொல்லியும் தண்ணீர் வரவில்லையா? மெயினை அணைத்துவிட்டு மோட்டார் ஷாஃப்ட் கையால் சுற்றுகிறதா பாருங்கள். பம்பில் தண்ணீர் நிரப்பாமல் ஓட்டாதீர்கள். ரிலே, கான்டாக்டரில் எறும்பு புகுந்திருந்தால் எலக்ட்ரீஷியனை விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

சித்தப்பா தோட்டத்தில் பேட்டரி 10.4 வோல்ட்டில் நின்றது. சிம்மும் முடங்கியிருந்தது. இரண்டையும் மாற்றியதும் பழைய போர்டே வேலை செய்தது.

ஐரோப்பாவில் காரவான் வண்டிகளை ரிமோட்டால் நகர்த்தும் மூவர் என்ற கருவி உண்டு. குளிர்காலம் முழுக்க நிறுத்திவைத்த பின் அது நகர மறுத்தால் அங்கும் முதலில் பார்ப்பது 12 வோல்ட் பேட்டரியைத்தான்.

அடுத்த மழைக்கு முன் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து வயரைக் கழற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி சார்ஜ் ஏற்றுங்கள். சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு, மாதம் ஒரு கால் செய்யுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டு யுபிஎஸ்ஸையும் சார்ஜ் ஏற்றிவிட்டு ஆஃப் செய்து போங்கள்.